பூனை வந்தாச்சு

வல்பரைசோவில் எங்கள் குன்றுக்கு
இருநூற்றுப் பதினான்கு படிகள்.
வாட்ஸ்அப் குழுவில் அறுபத்து மூன்று பேர்.
நான்தான் அட்மின்.
தகுதி என்று ஒன்றுமில்லை,
குழு தொடங்கிய அன்று
என் போனில் மட்டும் சார்ஜ் இருந்தது.

இங்கே யாரும் எழுதுவதில்லை, பேசி அனுப்புவார்கள்.
தண்ணீர் நின்றதை, விஞ்சு வண்டி பாதியில் தொங்குவதை,
கேஸ்காரன் சிலிண்டரைக் கம்பியால் தட்டிக்கொண்டே
கீழ்த்தெருவில் திரும்புவதை.
ஒரு நிமிடச் செய்திக்குள் வெங்காயம் வதங்கும்,
நாய் குரைக்கும், கதவு சாத்தும்.
சொல்ல வந்தது கடைசி நான்கு நொடியில் வரும்.

மஞ்சள் தகர வீட்டுக்குக் குடிவந்த எடெல்மிரா
மூன்றாம் வாரம் எழுதினாள்:
"எனக்குக் காது கேட்காது. தயவுசெய்து எழுதுங்கள்."
நாற்பத்தொரு கட்டைவிரல்கள் உயர்ந்தன.
இதயங்கள் பதினேழு.
அடுத்த செய்தி நீல்டாவிடமிருந்து,
ஐம்பது நொடிக் குரலில்:
"கண்டிப்பா எழுதுறோம் கண்ணே."

வெட்கம் தாங்காமல் சட்டம் போட்டேன்:
இனி எழுத்து மட்டும்.
இரண்டு நாள் நல்லவனாக இருந்தேன்.
மூன்றாம் நாள் சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
ரிகோபெர்த்தோ வெளியேறினார்.

மீன் அங்காடியில் பிடித்துக் கேட்டேன்.
கத்தியை நிறுத்தாமலே சொன்னான்:
"உங்க எழுத்து எனக்கு எறும்பு வரிசை."
பன்னிரண்டு வருடம் பக்கத்து வீடு.
ஓட்டலில் பட்டியலை நீட்டினால்
"நீயே சொல்லு" என்பான்.
பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

ஒருத்திக்காகத் திறந்த கதவு
இன்னொருவன் மூக்கில் இடித்தது.
எல்லாரையும் அரவணைப்பது பற்றி
அழகாகப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.
அவர்கள் அட்மினாக இருந்ததில்லை.

சட்டத்தை எடுத்தேன்.
குரலை எழுத்தாக்கும் செயலி ஒன்றைப் போட்டோம்.
பாவம், அது தலைநகரச் செய்தி வாசிப்பில் வளர்ந்த பிள்ளை.
கடைசி எழுத்தை விழுங்கிப் பேசும் எங்களோடு
அதற்கு ஒத்துவரவில்லை.
நீல்டா சொன்னது "காஸ்."
அது எழுதியது "காத்தோ":
பூனை வந்தாச்சு.

"யார் வீட்டுப் பூனை?" என்று எடெல்மிரா கேட்டு முடிப்பதற்குள்
வண்டி போய்விட்டது.
அன்றிரவு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.
மறுவாரம் ஜன்னலிலிருந்து வண்டியைப் பார்த்தவள்
குழுவில் ஒரு பூனைப் படம் போட்டாள், வேறொன்றுமில்லை.
சொல்லாமல் திரும்பி வந்திருந்த ரிகோபெர்த்தோ
முதல் ஆளாகச் சிலிண்டரைத் தோளில் ஏற்றினான்.

அதற்குப் பிறகு கேஸ் என்றால் பூனை.
ஆனால் பூனையால் எல்லாம் ஆகிவிடாது.
நீல்டாவின் அண்ணன் இறந்த இரவு
பதினோரு குரல்கள், அத்தனையும் அழுகை.
செயலி வெற்றுப் புள்ளிகளைத் தந்தது.
காலையில் கறுப்பு உடுத்திப் படியிறங்குகிறவர்களைப் பார்த்து
எடெல்மிரா தெரிந்துகொண்டாள்.
இன்னும் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

துறைமுகத்தில் எனக்கு இரவுப் பணி.
கப்பல் வராத நேரம், கிரேன் கூண்டில் உட்கார்ந்து
ஒற்றைக் கட்டைவிரலால் குரல்களை அவளுக்கு எழுதுகிறேன்.
முதலில் சாரத்தை மட்டும் அனுப்பினேன்.
கோபித்தாள்:
"சுருக்காதே. நாயையும் எழுது."

அவள் எழுதுவதை ரிகோபெர்த்தோவுக்குப் பேசி அனுப்புவதும் நான்தான்.
அவள் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாமல்
என் கரகரப்பிலேயே படிக்கிறேன்.
"அவளை ஏன் இவ்வளவு எரிச்சலாகப் பேச வைக்கிறாய்?"
என்று சண்டைக்கு வருகிறான்.

நேற்று அவள் பைக்குள் போன் தவறி அமுங்கி
நாற்பது நொடி ஒலி குழுவுக்கு வந்துவிட்டது.
"அதில் என்ன இருக்கிறது?" என்றாள்.
எழுதினேன்: படிகள். சாவிக்கொத்து.
எங்கோ நின்று மூச்சு வாங்குகிறாய்.
பிறகு காற்று.

"எப்படிப்பட்ட காற்று?"

அவள் திரையில் இப்போதும்
நான் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.